ஆய்வேட்டில் அகப்பட்ட அம்மா

மேஜையைத் துடைக்கத்தான் போனேன்.

அன்று காலை ஷீபா வேலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாள். தட்டில் இட்லி பாதி அப்படியே இருந்தது. மேஜை முழுக்கக் காகிதம். அவள் எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவளுடைய தாள்களை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தாள். நானும் தொடவில்லை. தாள்களுக்கு நடுவே தெரிந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனேன்.

மேலாகக் கிடந்த தாளில் 'மூன்றாம் அத்தியாயம்' என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே தலைப்பு: 'விட்டுவிட்டுப் போன தாய்மார்கள்'. அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. முதல் வரியைப் படித்தேன். என்னுடையது கேஸ் ஷீட் படித்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலம். ஆனாலும் அந்த வரி நன்றாகவே புரிந்தது.

'பிழைப்புக்காகக் கடல் கடக்கும் தாய், தன் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது கைவிடப்படுவதைத்தான்.'

துணியைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் சொட்டிப் புடவை நனைந்தது பிறகுதான் தெரிந்தது.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் வார்டுகளைப் பற்றியும் நோயாளிகளைப் பற்றியும்தான் எழுதிவந்தேன். "உங்களுக்கு ஒரு மகள் இருப்பதாகச் சொன்னீர்கள். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயந்துகொண்டுதான் தள்ளிப்போட்டேன். இந்த வாரம் அவளைப் பற்றித்தான். ஷீபா இப்போது வந்தவாசிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அவளிடம் படித்துக்காட்டி, சரி என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

சேவூரிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்

என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது ஷீபாவுக்கு நான்கு வயது. நான் ஆரணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொல்ல, சென்னைக்குப் போய் இன்டர்வியூவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கிடைத்துவிட்டது. அப்போது ஷீபா இரண்டாம் வகுப்பு.

என் தங்கை சுகந்தி சேவூரில் இருந்தாள். அவள் கணவர் பட்டுத்தறி நெய்கிறவர். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை.

"அக்கா, புள்ளைய என்கிட்ட உட்டுட்டுப் போ. ரெண்டே வருசம்தானே, ஜல்தியா ஓடிப்பூடும்" என்றாள் சுகந்தி.

நான் கிளம்பிய காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அரக்குச் சிவப்பில் பட்டு இழை. பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுவர் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஷீபா ஸ்கூல் யூனிஃபார்மில் முன்னால் போனாள். இழையில் கை படாமல் நடப்பதில்தான் அவள் கவனமெல்லாம்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டாள்: "வரச்சே இன்னா வாங்கினு வருவ?"

"உனுக்கு இன்னா வேணும்?"

ரொம்ப நேரம் யோசித்து, "கண்ணாடி வெச்ச ஷார்ப்னர்" என்றாள்.

டவுன் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவள், பதினோரு வருஷம் கழித்துத்தான் நிரந்தரமாகத் திரும்பினேன். நடுவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. லீவு முடிகிற நேரத்தில்தான் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்காரப் பழகியிருப்பாள்.

கேசட்டில் ஒரு அம்மா

அந்தக் காலத்தில் போன் என்றால் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் காத்திருக்கவேண்டும். அதனால் கேசட்தான். ஆம்பூருக்கோ வேலூருக்கோ லீவில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். "ஷீபா கண்ணு, மம்மி பேசறேன்" என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் முடிவதற்குள் அழுதுவிடுவேன். அழாத கேசட் ஒன்றுகூடக் கிடையாது.

பதில் கேசட்டில் ஷீபா பைபிள் சங்கீதம் ஒப்பிப்பாள், வாய்ப்பாடு சொல்வாள், பரீட்சை மார்க் சொல்வாள். ஒருமுறை நடுவில் மைக்கை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள் போலிருக்கிறது. தூரத்திலிருந்து அவள் குரல்: "அம்மா! பால் பொங்குது! அம்மா!"

அம்மா என்று கூப்பிட்டது சுகந்தியை.

அந்த இடத்தை எத்தனை தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேனோ தெரியாது. நான் மம்மி. அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே என் கேசட்தான். யாரைக் குறை சொல்ல?

டெல்ரோஸ்

மஸ்கட்டில் நர்ஸுகள் குவார்ட்டர்ஸில் ஆறு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் பெயர் டெல்ரோஸ். கரீபியன் கடலில் ஒரு தீவு அவர் ஊர். லண்டனில் வேலை பார்த்துவிட்டு அங்கிருந்து வந்தவர். நல்ல உயரம், நம்மைப் போலக் கறுப்பு. வந்த புதிதில் மலையாள நர்ஸுகள் அவரை என் சொந்தக்காரி என்று நினைத்து, "தமிழா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

ஒருநாள் டெல்ரோஸே கேட்டார், "உன் ஊர் எந்தப் பக்கம்? மெட்ராஸா?" என்று. அவர்கள் ஊர்க் கரும்புத் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவர் பக்கத்து வீட்டுக் கிழவர் பெயர் மூன்சாமி. வருஷத்துக்கு ஒருமுறை மஞ்சள் வேட்டி கட்டி வேப்பிலை எடுத்து ஆடுவாராம்.

"மூன்சாமி இல்லை, முனுசாமி!" என்று கத்திவிட்டேன். எங்கள் சேவூர் பஸ்ஸில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். டெல்ரோஸ் அந்தப் பேரைச் சரியாகச் சொல்ல இரண்டு நாள் பயிற்சி எடுத்தார். மூன்றாம் நாள் மூன்சாமிக்கே திரும்பிவிட்டார்.

டாக்டர்களிடம் டெல்ரோஸ் பேசுவது ரேடியோ ஆங்கிலம். அறைக் கதவைச் சாத்தியதும் தீவு ஆங்கிலம் வந்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஒரு வருஷத்தில் நானே அதில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டேன்.

அவரும் தன் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர்தான். தங்கை கடிதத்தோடு ஒரு காகிதம் வைத்து அனுப்புவாள். அதில் மகளின் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்திருக்கும், ஷூ வாங்குவதற்காக. சுகந்திக்கும் அப்படியே செய்யச் சொல்லி எழுதினேன். டெல்ரோஸும் நானும் அந்த இரண்டு பாதங்களையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேகமாக வளர்கிறது என்று பார்ப்போம்.

நான் அனுப்பியது அட்டைப்பெட்டி. டெல்ரோஸ் அனுப்பியது இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல டிரம். சோப்பு, பால் பவுடர், டின் மீன், ஸ்கூல் ஷூ, உள்பாவாடை என்று எல்லாம் அதற்குள் போகும். கப்பலில் போய்ச் சேர மூன்று மாதம். அவர்கள் தீவில் இப்படி அம்மாவின் டிரம்முக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு டிரம்மை வைத்தே ஒரு பட்டப்பெயரும் உண்டாம்.

டெல்ரோஸ் எனக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். ஒரு கடிதம் வந்தது, நான் பதில் போட்டேன். அத்தோடு சரி.

இருபது நாள், ஒரு அகராதி

நான் திரும்பி வந்தபோது ஷீபா கல்லூரி முதல் வருஷம். சேவூரில் இரண்டு போர்ஷனாக வீடு கட்டினோம். ஒன்றில் சுகந்தி, ஒன்றில் நான். ஷீபாவின் மேஜை என் போர்ஷனில், படுக்கை சுகந்தி போர்ஷனில்.

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "மம்மி, காபி வேணுங்களா?" என்பாள் என்னிடம். அடுத்த நிமிஷம் பக்கத்துப் போர்ஷனில், "அம்மா, காபி எங்க? ஒரு மணி நேரமா இன்னா பண்ற?" என்று கத்துவாள். அந்தக் கத்தலுக்கு நான் ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்படி நான்கைந்து வருஷம் ஓடியபின்தான் அந்த ஆய்வேட்டு வரியைப் பார்த்தேன். அதை எழுதவைத்த புத்தகத்தைப் பார்த்தேவிடுவது என்று முடிவுசெய்தேன்.

லைப்ரரிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள். எழுதியவர் கரீபியன் தீவுப் பெண். ஷீபா கல்லூரிக்குப் போனதும் எடுப்பேன், சாயங்காலம் அவள் வருவதற்குள் அதே இடத்தில் வைத்துவிடுவேன். பக்கத்தில் அவளுடைய பழைய ஸ்கூல் அகராதி.

முதல் பத்துப் பக்கம் பேஜாராகத்தான் இருந்தது. வரிக்கு நான்கு தடவை அகராதி. பதினோராம் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெல்ரோஸ் பேசுகிறார்! அதே இழுவை, அதே வார்த்தைகள். அதில் ஒன்றுகூட அகராதியில் இல்லை. எனக்கு அகராதியே வேண்டியிருக்கவில்லை. அகராதியை மூடிவிட்டு வாய்விட்டுப் படித்தேன்.

கதை இதுதான். தீவில் ஒரு பெண். குளிர் தேசத்துக்குப் போய்க் கிழவர்களைக் கவனிக்கிற வேலை செய்கிறாள். மகள் அத்தையிடம் வளர்கிறாள். டிரம் வருகிறது, கடிதம் வருகிறது. அம்மா மட்டும் வரவில்லை. பதினான்கு வருஷம் கழித்து ஒருநாள் வந்து இறங்குகிறாள். மகள் வீட்டுக் கொல்லையில் சீமைப்பலா மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். அத்தை சோற்றுத் தட்டோடு கீழே நிற்கிறாள். அம்மா அந்த வெயிலில் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு அரிசி களையப் போனேன். இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

"அது சோப்பு ஷீபா"

இருபதாம் நாள் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் ஏதோ திடீர் விடுமுறை. மதியமே வந்துவிட்டாள். கையில் பென்சிலோடு அவள் மேஜையில் நான். போதாததற்கு, வார்டில் மருந்து கொடுத்ததும் டிக் அடிக்கிற பழக்கத்தில், புத்தகத்தின் ஓரமெல்லாம் டிக் அடித்து வைத்திருந்தேன்.

"மம்மி! இன்னா பண்றீங்க?"

"படிச்சிகினு இருக்கேன்."

"இது உங்களுக்குப் புரியாதுங்க. எங்களுக்கே புரியல. அந்த ஊரு பேச்சு எந்த டிக்ஷனரிலயும் இல்ல." தாள்களை வாரிச் சேர்த்தாள். நான் அந்த மூன்றாம் அத்தியாயத்தைப் பார்த்திருப்பேனோ என்கிற பயம் அவளுக்கு. முகத்தில் தெரிந்தது.

பிறகு கோபத்திலேயே ஒரு பக்கத்தைப் பிரித்து விரல் வைத்தாள். "சரி, புரியுதுன்னா சொல்லுங்க. இது இன்னா? பிக்னி?"

"புள்ள. கொழந்த."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஏதோ செடின்னு நெனச்சேன். 'பிக்னி வாடிப்போய் நிக்குது'ன்னு வருது."

"புள்ளைதான் வாடிப்போய் நிக்குது."

இன்னும் நான்கு வார்த்தை கேட்டாள். நான்கையும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் எங்க மம்மி கத்துக்கினீங்க?"

டெல்ரோஸைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன். பதினோரு வருஷத்தில், அதற்குப் பிந்திய இத்தனை வருஷத்தில், அந்தப் பெயரை அவளிடம் நான் சொன்னதேயில்லை. டிரம் கதையைச் சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"மம்மி, அந்த டிரம்... புக்ல பேரல்னு வருது. நான் அத அடிமைக் கப்பல்ல சாராயம் ஏத்தின பீப்பாயோட குறியீடுன்னு எழுதியிருக்கேன். ரெண்டு பக்கம்."

"அதுல சாராயம் இல்ல ஷீபா. சோப்பு."

ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், சாயங்காலம் ஆனால் புத்தகத்தோடு வந்துவிடுவாள். அவள் படிப்பாள், நான் அர்த்தம் சொல்வேன். என் வாழ்க்கையிலேயே நல்ல சாயங்காலங்கள் அவை.

அந்த நாவலில் அம்மா ஒவ்வொரு கடிதத்தையும் 'சூன் கம்' என்றுதான் முடிப்பாள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அர்த்தம்.

"பதினாலு வருசம் ஒவ்வொரு லெட்டர்லயும் பொய்யி" என்றாள் ஷீபா. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"டெல்ரோஸும் அதத்தான் சொல்லும். பாத்ரூமுக்குப் போனாலும் சூன் கம், லண்டனுக்குப் போனாலும் சூன் கம். சீக்கிரம்னு அர்த்தம் இல்ல. நாம வெளிய கெளம்பறப்போ போறேன்னா சொல்றோம்? வரேன்னுதானே சொல்றோம். அந்த மாதிரி."

ஷீபா தன் தாளில் எதையோ அடித்துவிட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

புத்தகத்தில் இல்லாதது

நாவல் முடிந்த அன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "மம்மி, இந்த அம்மாவப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்க? நெஜமா சொல்லுங்க."

பாவம், நல்லவள் என்று சொல்லி முடித்திருக்கலாம். எதனாலோ அன்று முடியவில்லை.

"இந்த அம்மா பக்கத்துக்குப் பக்கம் அழுவுறா" என்றேன். "நான் அப்பிடி அழுவல ஷீபா."

"கேசட்ல அழுவீங்களே?"

"கேசட்டுக்காக அழுதேன்."

அவள் பேனா நின்றது.

சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிற அம்மா என்றால் அழவேண்டும், அழுதால்தான் பாசம் என்று நினைத்தேன். ஒருமுறை பாதி கேசட் பேசி முடித்த பிறகும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அழித்துவிட்டு முதலில் இருந்து, சோகமான குரலில் பேசி அனுப்பினேன்.

"மொத ரெண்டு வருசம் வேற வழி இல்லாமப் போனேன். ரெண்டாவது தடவ கையெழுத்துப் போட்டது அப்பிடி இல்ல. சுகந்தி வந்துடுன்னு எழுதியிருந்தா. இங்க பழைய ஆஸ்பத்திரில வேலையும் இருந்துது. வந்திருக்கலாம். எனக்கு அங்க புடிச்சிருந்துது ஷீபா. கொழந்தைங்க வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். டாக்டருங்க என்னக் கேட்டுட்டு முடிவெடுப்பாங்க. ஒரு ரூமு, அதுக்கு ஒரு சாவி, என் கையில. இங்க உங்கப்பா போனப்புறம் ஒரு கல்யாணத்துல முன்னால நிக்க உட்டாங்களா என்ன? ஒதுங்கி நில்லும்மான்னுதானே சொன்னாங்க? அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. வெள்ளிக்கெழம ஆனா டெல்ரோஸும் நானும் கடலுக்குப் போயி, போட்ட துணியோட எறங்கி ஆடுவோம். உன்ன நெனச்சி ஏங்கினது நெஜம். சந்தோசமா இருந்ததும் நெஜம்."

ஷீபா நோட்டை மூடினாள். எழுந்து பக்கத்துப் போர்ஷனுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் என் பக்கம் வரவில்லை. புத்தகம் மேஜையில் கிடந்தது. நான் அதையும் அதைச் சுற்றியிருந்த தாள்களையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்லி என்ன சாதித்தேன்? இரண்டு வாரமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளையை நானே துரத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் சுகந்தி வந்தாள். "இன்னாக்கா சொன்ன அவகிட்ட? மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறா. சரியாத் துன்னக்கூட இல்ல."

அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சுகந்தி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எனுக்குத் தெரியும்க்கா" என்றாள். "நீ அனுப்பற போட்டோவப் பாத்தாலே தெரியும். அழுவுறவ அப்பிடிக் குண்டாவ மாட்டா."

அவளே தொடர்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்றேன். வந்துடு வந்துடுன்னு எழுதினேனே, ஒவ்வொரு தடவையும் எங்க நெஜமாவே வந்துடுவியோன்னு பயந்துகினுதான் தபால்பெட்டில போட்டேன். நீ வந்துட்டிருந்தா எனுக்கு ஏது புள்ள?"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினோரு வருஷக் கேசட்டுகளில் இரண்டு பேருமே சொல்லாத விஷயம்.

ஷீபா சொன்னது

நாலாம் நாள், சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஷீபா வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"நாலாங்கிளாஸ் படிக்கச்சே சண்டே கிளாஸ்ல மகாபலிபுரம் கூட்டினு போனாங்க. எல்லாப் பசங்களும் கடல்ல எறங்கி ஆடினாங்க. நான் மட்டும் கரைலயே உக்காந்திருந்தேன். டீச்சர் கூப்ட்டாங்க, போவல. ஏன் தெரியுமா? மம்மி அங்க அழுதுகினு இருப்பாங்க, நான் எப்பிடி ஆடறதுன்னு."

சுவரை விட்டு நகராமலே அடுத்ததைச் சொன்னாள்.

"பர்த்டேக்கு அம்மா கேக்கு செய்வாங்க. ஒரு வாய் வெச்சா உள்ள எறங்காது. அம்மா மடில தல வெச்சிப் படுத்தா சொகமா இருக்கும். உடனே உன் கேசட் ஞாபகம் வரும், எந்திரிச்சிடுவேன். சிரிச்சா தப்பு, நல்லாத் தூங்கினா தப்பு. பதினோரு வருசம் மம்மி! நான் இங்க உனக்காக அழுதுகினு இருந்தேன், நீ அங்க கடல்ல ஆடிகினு இருந்திருக்க!"

"தப்புதான் ஷீபா."

"ஆடினது தப்புன்னா சொன்னேன்?" கிட்டே வந்து என் தோளில் ஒரு அடி வைத்தாள், வலிக்கிற மாதிரியே. "நல்லா இருக்கேன்னு ஒரே ஒரு கேசட் போட்டிருக்கக் கூடாதா? நானும் நல்லா இருந்திருப்பேன் இல்ல?"

பிறகு அழுதாள். நானும் அழுதேன், கேசட்டில் அழுததைப் போல அல்ல. மூக்கெல்லாம் ஒழுக, அசிங்கமாக.

மறப்பதற்குள் ஆய்வேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் வரியை அவள் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அது அவள் பட்டது. அதற்குக் கீழே புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள். இந்த நாவல்கள் விட்டுப்போன தாயின் கண்ணீரைச் சொல்லுமளவுக்கு அவள் சிரிப்பைச் சொல்வதில்லை, பிள்ளைக்கு அதுவும் தெரிந்தாகவேண்டும் என்று. வாய்மொழித் தேர்வில், "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்களாம். "சேவூரில் இருக்கிறது சார்" என்றாளாம்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் இன்னா இன்னா பண்ண அங்க? எல்லாம் சொல்லு."

ஐஸ்கிரீம் கடையைச் சொன்னேன். ஒருமுறை டெல்ரோஸ் என் தலைமுடியை நூறு சின்னப் பின்னலாகப் பின்னிவிட்டு, மேட்ரன் என்னை அடையாளம் தெரியாமல் வெளியே போகச் சொன்னதைச் சொன்னேன். கடைசியில், யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். டெல்ரோஸிடம் அவர்கள் தீவுப் பாட்டுக் கேசட்டுகள் இருந்தன. டியூட்டி முடிந்து வந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஆடுவோம்.

"ஆடுவியா? நீயா?"

"இடுப்பு மட்டும்தான் ஆடணும். காலு தரைய உட்டுத் தூக்கக் கூடாது."

"ஆடிக் காட்டு."

"போடி! இந்த வயசுலயா? பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பக்கத்துப் போர்ஷனில் சுகந்தி வீட்டுக்காரர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஷீபா விரலைத் தூக்கி, "அத வெச்சி ஆடு" என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தறியின் அடி விழுந்து விழுந்து வந்தது. இரண்டு அடி விட்டுவிட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டேன். இடுப்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, என் இடுப்பைப் பார்த்துப் பார்த்து அவளும் ஆட ஆரம்பித்தாள்.

குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்த சுகந்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ கர்த்தாவே! இன்னாக்கா இது?"

ஷீபா கிண்ணத்தை வாங்கி மேஜைமேல், ஆய்வேட்டுத் தாள்களின் மேலேயே வைத்தாள். சுகந்தியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அம்மா, கால தூக்காத. இடுப்பு மட்டும்." சுகந்தி வெட்கத்தில் சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் சத்தம் கேட்டு, என்னவோ ஏதோவென்று பக்கத்தில் தறி நின்றது.

ஷீபா சுவரில் தட்டிக் கத்தினாள்: "சித்தப்பா, நிறுத்தாதீங்க! ஓட்டுங்க!"